ஒரிஜினலா, ஒரிஜினல் மாதிரியா?

பழைய பைக்குகளின் விலை ஏற ஏற ‘கம்பெனி பெயிண்ட்’, ‘கம்பெனி பார்ட்ஸ்’ என்ற சொற்களுக்கும் விலை ஏறிவிட்டது. எதை நம்புவது, எங்கே பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டின் ஷெட். தார்ப்பாயை உருவியதும் கறுப்பு புல்லட் ஒன்று பளபளவென்று நிற்கிறது. டேங்கில் தங்கக் கோடு, ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் அந்தச் சின்னப் புலிக்கண் விளக்குகள். “அறுபத்து நாலு மாடல் சார். ஒரே ஓனர். ஒரு ஸ்க்ரூகூட மாத்தல, பெயிண்ட்டும் கம்பெனி பெயிண்ட்” என்கிறார் விற்பவர். வாங்க வந்த இளைஞர் மனதுக்குள் ஏற்கெனவே அதில் ஏறி ஈ.சி.ஆர். வரை போய்விட்டார்.

அவர் கூட்டிவந்த மெக்கானிக்குக்கு அறுபது தாண்டியிருக்கும். டேங்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டூல் பாக்ஸைத் திறக்கச் சொன்னார். மூடியின் உட்பக்கத்தில் படிந்திருந்த பிசுக்கைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார், டார்ச் அடித்தார். கீல் ஓரத்தில் கறுப்பு உரிந்த இடத்தில் மங்கலான பச்சை. அடுத்து சீட்டைக் கழற்றச் சொன்னார். மட்கார்டின் அடியிலும் அதே பச்சை.

“தம்பி, இது பட்டாளத்து வண்டி. ஏலத்துல வந்தது.”

“எங்க அப்பா ஷோரூம்ல எடுத்த வண்டிண்ணே...” என்று விற்பவர் இழுத்தார். பேரம் அங்கேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது.

ராணுவ ஏலத்தில் வந்த புல்லட் மட்டமான வண்டி ஒன்றும் இல்லை. அதைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள். ஆனால் ‘ஒரே ஓனர், ஒரே பெயிண்ட்’ என்ற கதைக்குத் தரும் விலையை ஏல வண்டிக்கு யாரும் தரமாட்டார்கள். பட்டாளத்தில் எத்தனை வருடம் ஓடியது என்பது ஒரு கணக்கு, வெளியே வந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவான தேதி இன்னொரு கணக்கு.

இப்படியான ஞாயிற்றுக்கிழமைகள் இன்று தமிழ்நாடு முழுக்க நடக்கின்றன. 1996-ல் உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-க்கு, நல்ல நிலையில் இருந்தால், லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். ராஜ்தூத் 350, பழைய ஜாவா என்றால் பேச்சே வேறு. போதாததற்கு, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் ‘அசல் வடிவம்’ என்பதைச் சட்டச் சொல்லாகவே ஆக்கிவிட்டன. ஆசை, காசு, சட்டம் மூன்றும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இது ஒரிஜினலா?

பெயிண்ட் படலம்

பழைய வண்டியின் நிறத்தைக் கண்டுபிடிக்கப் பளபளக்கும் இடத்தைப் பார்க்கக் கூடாது. வெயிலும், கையும், ஸ்ப்ரே கன்னும் எட்டாத இடத்தைப் பார்க்க வேண்டும். டேங்க் பேட்ஜுக்கு அடியில். ஹெட்லைட் டூமுக்குள். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால். டேங்கைக் கழற்றித் திருப்பினால், ஃப்ரேம் நுழைவதற்காக விட்டிருக்கும் குடைவில். மறு பெயிண்ட் அடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த இடங்களில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்.

அப்புறம் வாட்டர் பேப்பர். மறைவான ஓர் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும், தண்ணீர் தொட்டுத் தொட்டு 1000 நம்பர் தாளால் மெல்லத் தேய்த்து, 2000 நம்பரால் மெருகேற்றினால், அறுத்த மரத்தில் தெரிவதுபோல வளையம் வளையமாக நிறங்கள் விரியும். நடுவில் இரும்பு. அதைச் சுற்றி ப்ரைமர். அப்புறம் முதல் நிறம், அதற்கு மேல் வேறொரு ப்ரைமர், இரண்டாவது நிறம் என்று வரிசையாக.

வளையம் தெரிந்துவிட்டால் போதாது, அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். ரெட் ஆக்சைடு ப்ரைமரைப் பார்த்துவிட்டு ‘வண்டி முதலில் சிவப்பு’ என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. ப்ரைமர் மினுக்கம் இல்லாமல் செங்கல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். நிறப்பூச்சுக்கு மினுக்கம் இருக்கும். அடுத்தது பட்டி. புது டேங்குக்கு ஒடுக்கு எடுத்துப் பட்டி பூசி அனுப்புவது எந்தத் தொழிற்சாலைக்கும் வழக்கம் இல்லை. ஆகவே ஒரு நிறத்துக்கு அடியில் பட்டி தெரிந்தால் அந்த நிறம் கம்பெனி அடித்தது அல்ல, டிங்கரிங் பட்டறையில் அடித்தது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி டேங்கின் மேல் நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். துருவின் மேலோ, கீறலுக்குள்ளோ, பழைய எண்ணெய்ப் பிசுக்கின் மேலோ உட்கார்ந்திருக்கும் பூச்சும் பின்னால் வந்ததுதான்.

பெயிண்டின் வகையும் வயதைச் சொல்லும். பழைய காலத்துத் தொழிற்சாலைகள் உறுப்புகளில் எனாமல் ஏற்றி, அடுப்பில் சுட்டு எடுத்தன. பட்டறைகளில் வெகு காலம் ஓடியது என்.சி. பெயிண்ட்; டூகோ என்று சொன்னால்தான் பல பேருக்குப் புரியும். இப்போது டூ-கே, பி.யூ. வகைகள். தின்னர் தொட்ட வெள்ளைத் துணியை மறைவான ஓரத்தில் வைத்துத் தேய்த்தால் என்.சி. கரைந்து நிறம் துணியில் ஏறும். சுட்ட எனாமலும் டூ-கேயும் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. ‘1950-களின் கம்பெனி பெயிண்ட்’ என்று சொல்லப்படும் டேங்கின் மேல் கண்ணாடி மாதிரி தடிமனான க்ளியர் கோட் இருந்தால், மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

சரி, அசல் நிறம் கிடைத்துவிட்டது. அதே நிறத்தைத் திரும்பக் கலந்து எடுப்பது? பெயிண்ட் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, சாம்பிளைக் காட்டினால் கலந்து தந்துவிடும் என்கிறார்கள். அந்தக் கருவி தன் முன்னால் இருப்பதைத்தான் படிக்கும். நாற்பது வருட வெயிலில் வெளுத்த சிவப்பைக் காட்டினால் வெளுத்த சிவப்பையே அப்பழுக்கில்லாமல் கலந்து தரும். சிவப்பு சீக்கிரம் வெளுக்கிற நிறம் வேறு. ஆகவே சாம்பிளை வெயில் படாத இடத்தில் எடுக்க வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல் இருட்டில் இருந்தால் மஞ்சளிக்கும். பெட்டிக்குள் ஒளிந்திருந்த ஐவரி, வெளியே இருந்ததைவிட மஞ்சளாகத் தெரிந்து ஏமாற்றும். அதை அப்படியே நகல் எடுத்துவிட்டு, “அந்தக் காலத்து ஐவரி இப்படி நெய் நிறத்தில்தான் இருக்கும்” என்று சாதிப்பவர்களோடு வாதாடிப் பயனில்லை. மறைவிடத்தில் ஒன்று, வெளியில் பாலிஷ் போட்டுத் திறந்த இடத்தில் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே வழி. ட்யூப்லைட்டில் நிறம் பார்ப்பது வீண் வேலை.

பழைய கேட்டலாக்கை மட்டும் நம்பவும் கூடாது. அதில் இருப்பது அச்சு மை, பெயிண்ட் அல்ல. பல படங்கள் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. கறுப்பு வெள்ளைப் புகைப்படமோ இன்னும் மோசம். ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற பழைய ஃபிலிம் வகைக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதில் எடுத்த சிவப்பு வண்டி கறுப்பாக விழும், நீலம் வெளிறித் தெரியும். கொள்ளுத்தாத்தா கறுப்பு வண்டியில் உட்கார்ந்திருக்கும் படத்தை வைத்துக்கொண்டு வண்டிக்குக் கறுப்பு அடித்தால், அவர் ஓட்டியது சிவப்பு வண்டியாக இருந்திருக்கலாம்.

தங்கக் கோட்டுக்கு வருவோம். புல்லட் டேங்கில் அந்தக் கோட்டைக் கையால் இழுப்பது சென்னை ஆலையின் பெருமை. பரம்பரையாக அதைச் செய்யும் கலைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். 2023-ல் வந்த புது புல்லட்டில்கூட ‘மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்’ என்று பேர் வைத்து அந்தக் கைவேலையைத்தான் கம்பெனி விளம்பரப்படுத்தியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கைக்கோடு தன்னைக் காட்டிக்கொடுக்கும். நீண்ட மயிர்த் தூரிகை இறங்கிய இடத்தில் சற்று மெலிந்து, வளைவில் ஒரு மயிரிழை தடித்து, முடியும் இடத்தில் பெயிண்ட் லேசாகத் திரண்டு நிற்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்த கோடு இரு ஓரமும் கத்தியால் வெட்டினாற்போல இருக்கும், விரல் நகம் ஓரத்தில் தட்டும். ஸ்டிக்கர் என்றால் க்ளியர் கோட்டுக்கு அடியில் அதன் விளிம்பு மேடாகத் தெரியும். டேங்கின் இரண்டு பக்கமும் கோடு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

▪ பெட்டிச் செய்தி: பட்டாளத்து நிறம் ஒன்றல்ல

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ராணுவ பைக் கிடைத்தவர்கள் ‘ஆர்மி பச்சை’ வாங்கி அடித்துவிடுகிறார்கள். போர் தொடங்கியபோது இருந்தது காக்கி கலந்த பச்சை. அந்தப் பச்சைக்கான நிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததும் எஸ்.சி.சி. 2 என்ற பழுப்புக்கு மாறினார்கள். 1944-ல் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் நிறம் வந்தது. ஆகவே ஒப்பந்த ஆண்டு தெரியாமல் நிறம் முடிவு செய்ய முடியாது. நிறங்களுக்கு எண் கொடுத்து அட்டவணையிடும் வழக்கமே அப்போது புதிது: ஜெர்மனியின் ‘ரால்’ அட்டவணை 1927-ல் 40 நிறங்களோடு தொடங்கியது.

திருவொற்றியூர்க் கணக்கு

நிறத்தில் ஏமாந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பாகத்தில் ஏமாந்தால் பர்ஸ் காலி.

புல்லட்டின் கதைச் சுருக்கம் இதுதான். இந்திய ராணுவம் 1952-ல் 350 சி.சி. புல்லட்டுகள் கேட்டது. அவை இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியிலிருந்து வந்தன. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956-ல் அங்கே கோர்க்கப்பட்ட புல்லட்டுகள் 163 மட்டுமே. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தவை. 1957-ல் வார்ப்புகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

இந்தக் கணக்கு தெரியாதவர் ஏமாறுவது எளிது. 1956 மெட்ராஸ் புல்லட்டில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற முத்திரை இருப்பது இயல்பு, இல்லாவிட்டால்தான் கேள்வி. 1968 வண்டியில் அதே முத்திரை வரிசையாக இருந்தால், எவரோ பின்னால் அக்கறையாக இங்கிலாந்துப் பாகங்களைத் தேடிப் பூட்டியிருக்கிறார். பாகங்கள் உயர்ந்தவைதான், ஆனால் அந்த வண்டிக்கு அவை ஒரிஜினல் இல்லை. இதை ஏற்றுக்கொள்ள நம் ஆட்களுக்கு மனசு வராது. ‘ஃபாரின் பார்ட்ஸ்’ என்றாலே ஒரு படி மேல் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

முத்திரைகளைப் படிப்பது ஒரு தனிக் கலை. லூகாஸ் டைனமோ, மேக்னெட்டோ, ஸ்விட்ச் ஆகியவற்றில் மாடல் எண்ணோடு தயாரித்த மாதமும் வருடமும் சின்ன எழுத்தில் குத்தியிருப்பார்கள். வண்டி 1955, டைனமோவில் 1961 என்றால் இடையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. கார்பரேட்டர் இன்னொரு சாட்சி. அமல் கம்பெனியின் மோனோபிளாக் 1950-களின் நடுவில் வந்தது, கான்சென்ட்ரிக் 1967-ல் வந்தது. 1956 வண்டியில் கான்சென்ட்ரிக் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் ஸ்பீடோமீட்டரை ஓட்டிப் பார்த்தால் போதும். முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, கடிகார முள் மாதிரி விட்டு விட்டுத் தாவும். அதே முகப்பைப் போட்டு உள்ளே வேறு எந்திரம் வைத்த நகல்கள் சந்தையில் உண்டு. அவற்றில் முள் சறுக்கிக்கொண்டு போகும்.

நட்டு போல்ட்டுகளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பொய் சொல்லத் தெரியாத சாட்சி அவைதான். பழைய இங்கிலாந்து வடிவமைப்பு வண்டிகளின் மரைகள் அங்குலக் கணக்கு: விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் த்ரெட். பழைய மெக்கானிக் கடைகளில் அதற்கென்றே தனி ஸ்பேனர் செட் தொங்கும். 12, 14 நம்பர் மெட்ரிக் ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்கிறது என்றால் அந்த போல்ட் மாறியிருக்கிறது, அல்லது மரையே ஓட்டை பெரிதாக்கி மாற்றப்பட்டிருக்கிறது. பூச்சையும் பாருங்கள். அந்தக் கால நட்டுகளுக்குப் போட்ட கேட்மியம் மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும். நீலம் அல்லது மஞ்சள் மின்னும் ஜிங்க் பூச்சு இந்தக் காலத்துச் சமாசாரம். குரோம் முலாமே 1920-களின் கடைசியில்தான் வணிகத்துக்கு வந்தது. 1924 வண்டி என்று காட்டி ஹேண்டில்பார் குரோமில் ஜொலித்தால், அதற்கு முன்னால் அங்கே இருந்தது நிக்கல்.

டூப்ளிகேட் பாகங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. டெல்லி கரோல்பாக்கில் புல்லட்டுக்குக் கிடைக்காத பாகமே கிடையாது. அதனால்தான் இந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். மட்கார்டு துருப்பிடித்துப் போனவர் புதிது போடாமல் என்ன செய்வார்? கோளாறு அதைப் பூட்டுவதில் இல்லை, பூட்டியதை மறைத்து விற்பதில் இருக்கிறது. பேட்ஜும், ரிம்மும், கண்ணாடியும் முத்திரையோடே போலியாக வருகின்றன. புது எழுத்தின் விளிம்பு கூர்மையாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். கடைசியில் தேய்மானம்தான் தீர்ப்பு சொல்லும். கிக்கர், பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர் எல்லாம் சேர்ந்து வயதாக வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்து மற்றவை மொடமொடப்பாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள்.

ஜாவா, ஆர்.டி., ஆர்.எக்ஸ்.

மைசூரில் ஐடியல் ஜாவா தொடங்கியது 1960-ல். செக் நாட்டிலிருந்து வந்த பாகங்களை முதலில் கோர்த்து, பிறகு இங்கேயே தயாரித்தார்கள். 1970-களில் பேர் யெஸ்டி ஆனது, 1996-ல் ஆலை மூடியது. ஜாவாவின் மதிப்பு அதன் டேங்கில் இருக்கிறது: மெரூன் நிறம், பக்கவாட்டில் குரோம், ஓரத்தில் ஐவரிக் கோடு. யெஸ்டி ஒன்றை வாங்கி, டேங்கை மாற்றி, பேட்ஜ் ஒட்டி ‘ஜாவா’வாக நிறுத்துவதுதான் இந்த வட்டாரத்தில் நடக்கும் பழைய வித்தை. டேங்க் எதையும் நிரூபிக்காது, நான்கு போல்ட்டில் கழன்று வரும். எஞ்சின் எண்ணும் ஃப்ரேம் எண்ணும்தான் பேச வேண்டும்.

ராஜ்தூத் 350-ல் கதை குதிரைத்திறனில். 1983 முதல் 1989 வரை வந்த இந்த யமஹா வழித்தோன்றலில் இரண்டு வகை: 30.5 பி.எச்.பி. தரும் ஹை டார்க், 27 தரும் லோ டார்க். விலை வித்தியாசம் பெரிது. ஆகவே சைலன்சரும் இன்ன பிறவும் மாற்றி ‘எல்.டி.’யை ‘எச்.டி.’ ஆக்கி விற்பது பிழைப்பாகவே இருக்கிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஜப்பான் ஆர்.டி. 350-ல் முன்பக்கம் டிஸ்க் பிரேக், நம் ராஜ்தூத்தில் டிரம். டிஸ்க் பூட்டிய ராஜ்தூத் நன்றாக நிற்கும், ஆனால் ஒரிஜினல் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஆர்.எக்ஸ். 100? 98 சி.சி., 11 பி.எச்.பி., அந்தச் சத்தம். 1985-ல் வந்த ஆரம்ப வண்டிகள் ஜப்பான் பாகங்களோடு வந்தவை என்பதால் ‘ஜப்பான் முத்திரை’க்குத் தனி கிராக்கி. அதனால்தான் அந்த முத்திரையைப் புதிதாகக் குத்தித் தருபவர்களும் கிளம்பினார்கள்.

நம்பர் பொய் சொன்னால்

நிறமும் பாகமும் தப்பாகப் போனால் பணம் போகும். நம்பர் தப்பாக இருந்தால் வண்டியே போகும், சில நேரம் ஆளும் போக நேரிடும்.

புதுப்பேட்டை மாதிரி உடைசல் சந்தைகளில் எஞ்சின் தனியாக, ஃப்ரேம் தனியாகக் கிடைக்கும். காகிதம் தனியாகக் கிடைப்பதுதான் ஆபத்து. உடைந்து போன வண்டியின் ஆர்.சி. புக்கை வைத்துக்கொண்டு, வேறொரு ஃப்ரேமில் அந்த எண்ணைக் குத்தினால் ஒரு ‘விண்டேஜ்’ பிறந்துவிடும். அந்த வேறொரு ஃப்ரேம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

கண்ணால் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம். எண் இருக்கும் இடம் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருக்கிறதா? வார்ப்பின் சொரசொரப்பு அங்கே மட்டும் காணாமல் போயிருக்கிறதா? எழுத்துகள் ஒரே அச்சுத் தொகுதியில் உள்ளவையா, 3-ம் 8-ம் வேறு வேறு பாணியில் நிற்கின்றனவா? எண்ணின் மேல் மட்டும் புதுப் பெயிண்ட் தடிமனாக ஏறியிருந்தால் எதற்காக? அரைத்து அழித்த எண்ணைக்கூட தடயவியல் ஆய்வகத்தில் மீட்டுவிடுகிறார்கள். எண் குத்தும்போது அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கும்; மேல்பகுதியை அரைத்தாலும் நசுங்கிய உலோகம் அமிலத்தில் வேறு வேகத்தில் அரிக்கும், பழைய எண் நிழலாக மேலே வரும். திருட்டு வண்டி என்று அங்கே தெரிந்தால், “நான் நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கினேன்” என்பது வண்டியைக் காப்பாற்றாது. பறிமுதல், வழக்கு, நீதிமன்றம் என்று அலைய வேண்டியதுதான்.

பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடினாலும், எந்த எண் வண்டி எந்தத் தேதியில் எந்த டீலருக்குப் போனது என்ற பதிவேடுகள் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கத்திடம் பத்திரமாக இருக்கின்றன. நம்மூர் வண்டிகளுக்குக் குடும்பம்தான் ஆவணக் காப்பகம்: வாங்கிய பில், பழைய ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் தாள், சர்வீஸ் கூப்பன், வண்டியோடு எடுத்த கல்யாணப் படம். நம்பர் பிளேட்டும் கொஞ்சம் பேசும். டி.என். 01 என்ற பாணி வந்தது 1989-ல். 1970 வண்டியில் அந்த வரிசை எண் இருந்தால் அது பின்னால் பதிவானது. ஏன் என்பதற்கு ஏல ரசீது போல ஏதாவது காகிதம் இருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

பெரும்பாலான பழைய பைக் பிரியர்கள் சட்டத்தை நினைப்பது வண்டியை ரெடி செய்து முடித்த பிறகுதான். அது தலைகீழ் வரிசை.

ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் இருக்கிறது. நிறம் மாற்றினால் தெரிவித்துப் பதிய வேண்டும். அசல் நிறத்தையே திரும்ப அடித்தாலும், ஆர்.சி.யில் இடையில் யாரோ அடித்த நிறம் ஏறியிருந்தால் நீங்கள் ‘மாற்றியவர்’ ஆகிவிடுவீர்கள். எஞ்சின் மாற்றத்துக்கு முன்அனுமதி தேவை. உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்திலிருந்து விலகும் மாற்றங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டு தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயானது.

▪ பெட்டிச் செய்தி: ‘விண்டேஜ்’ என்று அரசு எதைச் சொல்கிறது?

2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவில் பராமரிக்கப்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனம் விண்டேஜ். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவைக்கு மாநில எழுத்துகளுக்குப் பின்னால் ‘வி.ஏ.’ என்று வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க ஓட்டலாம். தினசரி ஆபீஸ் போகவோ, வாடகைக்கு விடவோ கூடாது.

பெட்டியில் உள்ள கடைசி வரியைப் பலர் படிப்பதில்லை. தினமும் டீக்கடைக்கு எடுத்துப் போகும் தாத்தாவின் புல்லட்டை விண்டேஜ் ஆக்கினால் டீக்கடை போச்சு. ஓட்டுவதற்காக வைத்திருப்பவருக்குச் சாதாரணப் பதிவுப் புதுப்பிப்பே போதும். ஆர்.எக்ஸ். 100 வைத்துக்கொண்டு ‘விண்டேஜ் பேப்பர் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லும் புரோக்கரிடம் பணம் கொடுப்பவர்களும் கொஞ்சம் கணக்குப் போடலாம்: முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே 2035-ல்தான் 50 வயது.

இந்த விதியின் விளைவு இனிமேல்தான் முழுசாகத் தெரியும். ‘அசல் வடிவம்’ என்பதை வண்டியை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பார்ப்பவர்கள் பளபளப்பைப் பார்த்து மதிப்பெண் போட்டால், அசல் வண்டி தோற்று, அழகாக அடித்த வண்டி ஜெயிக்கும்.

அடிக்கலாமா, விடலாமா?

இந்தக் கேள்விதான் பழைய வண்டிக்காரர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கிறது. ஒரு கட்சிக்கு வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாள் போல இருக்க வேண்டும். மற்ற கட்சிக்கு முழங்கால் உரசித் தேய்ந்த பெயிண்டும், வெடித்த சீட் ரெக்ஸினும் வண்டியின் வாழ்க்கை. உலக அளவில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்கிறது: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, மாற்றினால் மாற்றம் தெரியும்படி செய், செய்ததை எழுதி வை.

நம்மூரில் எதார்த்தம் வேறு. கடலோரக் காற்றில் துரு நிற்காது. கிணற்றடியில் இருபது மழைக்காலம் நனைந்த வண்டியை ‘பழமையின் அழகு’ என்று விட்டால் ஃப்ரேம் கையோடு வரும். அப்படிப்பட்ட வண்டிக்கு முழுசாக வேலை பார்ப்பதைத் தவிர வழியில்லை, அதில் தப்பும் இல்லை. எனக்கு ஆகாதது வேறு: முக்கால்வாசி கம்பெனி பெயிண்ட் உயிரோடு இருக்கும் வண்டியை, கல்யாணத்துக்கு நிறுத்தப் பளபளப்பாக வேண்டும் என்பதற்காக மணல் அடித்து உரித்துவிடுவது. அந்த ஒரு பகல் வேலையில், அதே மாடல் வைத்திருக்கும் நூறு பேருக்கு நிறம் சொல்லியிருக்கக்கூடிய சாட்சி தூளாகப் போகிறது. பட்டறைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடிக்கையாளர் மினுக்கத்துக்குத்தான் காசு தருகிறார், மெனக்கெட்டுப் பழசைத் துடைத்துக் காப்பாற்றினால் ‘என்ன வேலை செஞ்சே?’ என்று கேட்கிறார்.

இரண்டாவது கட்சியின் பார்வை விலையிலும் மெல்ல வருகிறது. மேல்நாட்டுச் சந்தையில் கை படாத, வெளுத்த, ஆனால் நிரூபிக்க முடிகிற வண்டிக்குக் கூடுதல் விலை தருவது சகஜமாகிவிட்டது. இங்கே இன்னும் பளபளப்புக்கே மவுசு. அது வாங்குபவருக்கு லாபம்: மங்கிய அசல் வண்டி, மினுங்கும் நகலைவிட மலிவாகக் கிடைக்கும் காலம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.

வீட்டில் பழைய வண்டி இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைக்கு விடுமுன் பேட்ஜைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, டூல் பாக்ஸைத் திறந்து பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எஞ்சின் எண்ணையும் ஃப்ரேம் எண்ணையும் நெருக்கமாகப் படம் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். உள்ளங்கை அளவு இடமாவது உரிக்காமல் விடச் சொல்லுங்கள். டேங்கின் அடிப்பக்கம் போதும். கழற்றிய பழைய பாகம் எவ்வளவு துருவேறியிருந்தாலும் கேட்டு வாங்கி மூட்டை கட்டி வையுங்கள். விற்கும்போது எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அந்தத் தாள் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.